கோழிக்கூண்டுக்குப் போட்ட பூட்டு

கத்திரி என்றுதான் தெருவே அவளைக் கூப்பிட்டது. தையல் தொழிலுக்காகப் பாதி, வாய்க்காக மீதி. முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் வெட்டுத்துணி மூட்டை, கொல்லைப்புறத்தில் பதினோரு கோழி. சும்மா சொல்லக்கூடாது, அவள் போட்ட தையல் பிரிந்ததாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அவள் சொன்ன சொல்லை அவள் திரும்ப வாங்கியதும் கிடையாது. துணியைத் தப்பாக வெட்டிவிட்டால்கூட, "நீங்கதான் இளைச்சுட்டீங்க" என்று அளவு கொடுத்தவரையே நம்பவைத்து அனுப்பிவிடுவாள்.

பின்னறையில் அவள் கணவனின் அக்கா இருந்தாள். "அண்ணி" என்று கூப்பிடுவாள் கத்திரி. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்தவள். வந்து பன்னிரண்டு வருஷம். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கோழிகள் அவள் பொறுப்பு. பொழுது சாயும்போது அவற்றை அடைத்து, தீனித் தட்டை எடுத்து உதறி அடுக்களைக்குள் கொண்டுவந்து கவிழ்ப்பாள். சிந்திய தீனியை ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளுவாள். எதற்கென்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் முட்டை குறைந்தது. தினமும் ஏழெட்டு வந்த இடத்தில் மூன்று, நான்கு. கத்திரி ஒவ்வொரு கோழியையும் பிடித்துத் தடவிப் பார்த்தாள். எல்லாம் கொழுகொழுவென்றுதான் இருந்தன. ஒருநாள் சாயங்காலம் கூண்டுக்குள் இரண்டு முட்டை கிடந்ததைக் கண்ணால் பார்த்தாள். எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டாள். காலையில் போய்ப் பார்த்தால் இல்லை. காலையில் முதல் ஆளாகக் கூண்டைத் திறப்பது யார்? அண்ணி.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டாளா? சட்டை அளவு கொடுக்க வந்த பள்ளிக்கூடத்து டீச்சரிடம், பின்னறைக்குக் கேட்கும்படி சொன்னாள்: "டீச்சர், ஊர்ல கோழிக்குத்தான் கால் இருக்கும். எங்க வீட்ல முட்டைக்கும் முளைச்சிருக்கு. பின்னறை வரைக்கும் தானா நடந்து போகுது!"

டீச்சர் சிரித்தாள். துடைப்பத்தோடு நின்ற அண்ணி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கூண்டில் பூட்டு தொங்கியது. சாவி கத்திரியின் இடுப்பில். அன்றைக்குச் சாப்பாட்டில் வைத்த அவித்த முட்டையை அண்ணி எடுத்துத் தம்பி தட்டில் வைத்தாள்.

"ஏன்க்கா?"

"வேணாம்பா. செரிக்கல."

பழியை மறுத்து வாயே திறக்கவில்லையே, அப்படியானால் அவள்தான் என்று கத்திரி மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பூட்டுப் போட்டபின் முட்டை கூடத்தானே வேண்டும்? இன்னும் குறைந்தது. கத்திரிக்குத் தைக்கிற வேலை தலைக்குமேல். காலையில் ஒருநாளைக்கான தீனியை மொத்தமாகக் கொட்டுவாள், சாயங்காலம் தட்டு கிடக்கிற இடத்திலேயே கிடக்கப் பூட்டிவிட்டு மெஷினுக்கு ஓடுவாள். கூண்டுத் தரையில் கருப்பாக ஏதோ சிதறிக் கிடந்தது. நூல் துணுக்கு என்று நினைத்தாள். மழைக்குக் குளிருமே என்று வெட்டுத்துணியை அள்ளிக் கூண்டின் தரைப்பலகைக்கடியில் அடைத்தவளே அவள்தானே! அவள் வாழ்க்கையில் தரையில் கருப்பாகச் சின்னதாகக் கிடப்பதெல்லாம் நூல்தான்.

வெள்ளிக்கிழமை அண்ணி தம்பியிடம் சொன்னாள்: "நம்ம சின்னத் தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்."

"எத்தனை நாளைக்குக்கா?"

"பெட்டியை எடுத்துட்டுப் போறேன்."

தம்பி மனைவியைப் பார்த்தான். மனைவி ஊசியில் நூல் கோத்தாள். நூல் உள்ளே போகவேயில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கத்திரி தீனி போடப் போனாள். நூல் துணுக்கு ஒரு கை அள்ளுமளவு கிடந்தது. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள். நூலா அது? பொடிந்தது. எலிப் புழுக்கை! கடப்பாரையைக் கொண்டுவந்து பலகையை நெம்பினாள். நாலைந்து எலி காலுக்கிடையில் பாய்ந்து ஓடியது. அடியில் பார்த்தால் ஒரு கூடு. டீச்சரின் பூப்போட்ட துணி, கணவனின் காக்கி, போன வருஷத்துப் பச்சை, எல்லாம் அவள் கத்திரி வெட்டியதுதான். அதற்குள் கண் திறக்காத ஆறு எலிக்குஞ்சு. சுற்றிலும் முட்டை ஓடு, ஓரமெல்லாம் பல் கடித்த தடம்.

கத்திரி கோழி எச்சத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொல்லை மூலையில் குப்பைக்குழி இருந்தது. பத்தடி தூரம்தான். எல்லாவற்றையும் அதில் தள்ளி மண்ணைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? நாளைக்கு அண்ணி போய்விடுவாள். ஓடுகளை ஒரு கூடையில் அள்ளினாள், குழி வரைக்கும் நடந்தாள். மறைக்காமல் சொல்கிறேன்: கூடையைச் சாய்க்கவும் செய்தாள். இரண்டு ஓடு உள்ளே விழுந்தது. அப்புறம் கை வரவில்லை. குனிந்து அந்த இரண்டையும் பொறுக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

அண்ணி பெட்டியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் கூடையை வைத்தாள்.

"அண்ணி, எலி."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"பலகையைத் தூக்கிப் பாருன்னு சொல்லத்தான் வந்தேன். நீ பூட்டோட எதிர்ல வந்த."

"நான்... அன்னிக்கு டீச்சர்கிட்ட..." என்று இழுத்தாள் கத்திரி. அதற்குமேல் அந்த வாயில் வராது, வந்து பழக்கமில்லை. கண்ணில்தான் வந்தது.

அண்ணி ஒரு ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மடித்த துணியை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள். "சின்னக்கண் கம்பி வலை வேணும். சுண்டுவிரல் நுழையக் கூடாது. கோழி வலை கோழி வெளியே போகாம இருக்கத்தான், எலிக்கு அது வாசல். மருந்து கிருந்து வைக்காத, கோழி கொத்திடும். தட்டை மட்டும் சாயங்காலம் உள்ள எடு."

"அதுக்குத்தான் தினமும் எடுத்தீங்களா?"

"பின்ன, தட்டு மேல ஆசையா?"

அந்தக் குஞ்சுகளைக் கத்திரியால் தொட முடியவில்லை. அண்ணிதான் பூப்போட்ட துணியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போனாள். வெறுங்கையோடு வந்தாள். என்ன செய்தாள் என்று கத்திரி கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இருவரும் தரையைப் பெயர்த்துச் செங்கல் பதித்தார்கள், வலை அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. பெட்டி கட்டிலுக்கடியில் போயிற்று.

சட்டை வாங்க டீச்சர் வந்தபோது கத்திரி மெஷினை நிறுத்தினாள். "டீச்சர், அன்னிக்கு முட்டைக்குக் கால்னு சொன்னேனே, அது எலிக்கால். எங்க அண்ணியை நான் தப்பாச் சொல்லிட்டேன்." சொல்லிமுடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"அய்யய்யோ!" என்றாள் டீச்சர். "நான் ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேனே!"

தையலென்றால் பிரித்துத் தைத்துவிடலாம். அத்தனை பேரை எங்கே போய்ப் பிரிப்பது?

இப்போது கூண்டில் பூட்டு இல்லை. ஒன்பது முட்டைகூட வருகிறது. தினமும் ஒன்றை அவித்து, உரித்து, கத்திரி தன் கையால் அண்ணி தட்டில் வைக்கிறாள்.

"பழக்கம் விட்டுப்போச்சும்மா" என்று அண்ணி அதை எடுத்துத் தம்பி தட்டில் வைக்கிறாள். கோபமாகச் சொன்னாலாவது தேவலை. சாதாரணமாகத்தான் சொல்கிறாள்.

மறுநாளும் கத்திரி ஒன்று வைக்கிறாள்.