நாலாவது இடத்தில் கோயம்புத்தூர்

என் வீட்டுக்காரருக்குக் கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் வியாபாரம். புதூர் பக்கத்தில் மிளகாய் போடும் சம்சாரிகள் வேனில் இருந்து மூட்டைகளை இறக்கினால், தனக்குப் பிடித்த மூட்டையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பக்கத்து மூட்டையைக் கிளறி, முகர்ந்து, அதற்கு விலை பேசி, போகிற போக்கில்தான் வேண்டியதைக் கேட்பார். எனக்குச் சேலை எடுப்பதும் இப்படித்தான். ஜவுளிக்கடையில் நான் ஒரு சேலையை ஆசையாகத் தொட்டுவிட்டால் போதும், "கைய எடுட்டி, விலைய ஏத்திருவான்" என்று காதைக் கடிப்பார்.

அந்த மனிதரிடம்தான் மகளின் இன்ஜினியரிங் கவுன்சிலிங் மாட்டிக்கொண்டது.

அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க ஆசை. அப்பாவுக்கு மறுப்பே இல்லை. கடையைப் பூட்டிவிட்டு அவளை அழைத்துப்போய், கல்லூரியையும் பார்த்து, விடுதிச் சாம்பாரையும் ருசி பார்த்து வந்தவரே அவர்தான். ஆனால் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் பதிகிற கடைசி நாளில், அந்தக் கல்லூரியை நாலாவதாகப் போடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார்.

"மொதல்ல போட்டா நமக்கு ஆசைன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்லா?"

"எவனுக்குப்பா? அது கம்ப்யூட்டரு. மேல இருந்து பாத்துட்டு வரும். மொதல்ல உள்ளதுல எடம் இருந்தா அதையே தந்துரும். கீழ பாக்கவே பாக்காது."

"கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒரு ஆளு இருப்பாம்லா."

மகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாவு பிசைந்த கையோடு வந்து நின்றேன்.

"ஒண்ணு கேக்குதேன். என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, நிமிந்தே பாக்காம செவத்துக் காலண்டரையே பாத்துக்கிட்டு இருந்தீங்கள்லா? மாப்ளைக்குப் பிடிக்கலன்னு எங்கப்பா வேற எடத்துக்குச் சரி சொல்லிரப் பாத்தாவ. எங்கம்மா மறிக்கலன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

மனிதர் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "மொதல்லயே போடுட்டி" என்றார்.

அவள் ஆசைப்பட்ட இடமே கிடைத்தது. தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டு, ஏதோ தானே பேரம் பேசி முடித்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். எனக்குச் சீண்ட வேண்டும்போல் இருந்தது.

"அன்னைக்கு உங்க லிஸ்ட்டுல நான் எத்தனாவது?"

மிட்டாய் டப்பாவை மூடியவர், காலண்டரைத் தேடாமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"லிஸ்ட்டுல ஒரு பேருதாம்ட்டி இருந்துச்சு."