பானெட்டுக்குள் கட்டிய மஞ்சள் முடிச்சு

காலை பத்து இருபதுக்கு அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், மகள் டிராக்டரில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவன். கடலூருக்கு மேற்கே எங்கள் முந்திரித் தோப்பில், களை போக மரங்களுக்கு நடுவே உழுதுகொண்டிருந்தாள். அந்தச் சின்ன டிராக்டர் வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வரிசை முடிவில் நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

"அப்பா, ஏர் ஃபில்டர் லைட்டு எரியுது. மாமாவுக்கு ஒரு போன் போடட்டா?"

விளக்கைவிட அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது.

மாமா என்றால் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்துக்காரர். மகள் அங்கே வேளாண்மை படித்த நான்கு வருடமும் அவர் வீட்டில்தான் தங்கினாள். அவருடைய பெரிய டிராக்டரில்தான் கிளட்ச் மிதிக்கப் பழகினாள். படிப்பு முடிந்து திரும்பியவள் வாயைத் திறந்தால் "மாமா சொன்னாரு". ஆயில் மாற்றுவதற்கு மாமா சொன்னாரு, உளுந்து விதைப்பதற்கு மாமா சொன்னாரு, ரசத்துக்கு மிளகு தட்டுவதற்குக்கூட. இப்போது தன் நிலத்தையும் வண்டிகளையும் பார்த்துக்கொள்ள வரும்படி அவர் அவளைக் கூப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள். அவளை இங்கேயே நிறுத்திக்கொள்ளத்தான் நான் டிராக்டர் வாங்கினேன். வேறு எந்தக் காரணம் சொன்னாலும் பொய்.

"ஒரு லைட்டுக்கு சிதம்பரத்துலேர்ந்து ஆள் வரணுமா? புக்கு இருக்குல்ல. நீ போயி தண்ணி குடிச்சிட்டு வா," என்றேன்.

அவளை அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி வந்த அன்றே முன்பக்கத்தில் ஒரு திருஷ்டி முடிச்சு கட்டினேன். மஞ்சள் துணியில் படிகாரம், எலுமிச்சம்பழம், நான்கு மிளகாய், கொஞ்சம் கற்பூரம். அவள் சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிட்டாள். "மாமா வண்டியில இந்த மாதிரி எதுவும் தொங்காதுப்பா." மறுநாள் அவள் எழுந்திருக்குமுன் அதையே பானெட்டுக்குள், வெளியே தெரியாத இடமாகப் பார்த்துக் கட்டினேன். ஊரார் கண்ணுக்குப் பயந்தா, மச்சான் கண்ணுக்குப் பயந்தா, எனக்கே தெரியாது. படித்தவன்தான்.

அவள் போனதும் பானெட்டைத் தூக்கினேன். எட்டு நாள் ஆட்டத்தில் கயிறு தளர்ந்து, காற்று இழுக்கும் குழாயின் வாய்க்கு நேரே முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவள் வந்து பார்த்துவிடக் கூடாது என்பதுதான் நினைப்பு. அவிழ்த்துக் கீழே எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் கையெட்டும் ஆழத்தில் திணித்தேன். விரல் சுட்டது. அப்போதும் புத்தி வரவில்லை.

பிறகு புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். கிளிப்புகளைத் தளர்த்தி மூடியைக் கழற்றினேன். ஃபில்டரை எடுத்து உள்ளங்கையில் தட்டினேன். ஒரு சிட்டிகை செம்மண் விழுந்தது. அடியில் தூசி கொட்டும் ரப்பரை அமுக்கிப் பார்த்தேன், அதிலும் ஒன்றுமில்லை. பிறகு எதற்கு விளக்கு எரிந்தது என்று அங்கேயே யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததெல்லாம் இதைச் சரிசெய்துவிட்டால் அவள் முகம் எப்படி மாறும் என்பதைத்தான்.

அவள் வந்து ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை ஏற்றினாள். விளக்கு எரியவில்லை.

"அட! என்னாப்பா பண்ண?"

"ஃபில்டர கிளீன் பண்ணேன். ஒங்க மாமா மட்டுந்தான் மெக்கானிக்கா?"

"ஐய, பொறாமையப் பாரு!" சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள்.

கால் மணி நேரம் மரத்தடியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதன்பின் பானெட்டின் பக்கவாட்டிலிருந்து புகை வந்தது. கணுக்கால் புதையும் அளவுக்கு முந்திரிச் சருகு கிடக்கும் தோப்பு. ஓடினேன். நான் போய்ச் சேருமுன் அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, புகை வராத பக்கமாகக் குதித்துத் தள்ளி நின்றாள். பானெட்டைத் திறக்கப் போன என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தவளும் அவள்தான். இருவரும் முன்பக்கக் கம்பிகளின் வழியே மண்ணை வாரி வாரி இறைத்தோம்.

புகை அடங்கித் திறந்தபோது பாதி எரிந்த மஞ்சள் துணியும் கருகிய எலுமிச்சம்பழமும் கிடந்தன. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

இன்றைக்கும் எங்காவது துணி கருகும் வாடை வந்தால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

போனை எடுத்து நானே மச்சானைக் கூப்பிட்டேன். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு மணி நேரத்தில், கட்டியிருந்த கைலியோடு பைக்கில் வந்து இறங்கினார். முதலில் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்புறம்தான் துணியைக் குச்சியால் தூக்கினார்.

"இது மொதல்ல எங்க தொங்குச்சு?"

காட்டினேன்.

"காத்து இழுக்கற வாயிலயா? ரேஸ் பண்ணா துணி போயி அடைச்சிக்கும், லைட்டு எரியாம என்னா பண்ணும்? ஃபில்டர் மேல தப்பே இல்ல மச்சான்."

அப்போதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சாவிய ஆஃப் பண்ணிட்டுக் குதிக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? எனக்கே அது தோணாது. எது பொகஞ்சாலும் மொதல்ல சாவி, அப்பறம் குதி, அப்பறந்தான் கத்தணும், எங்கப்பா சொல்லுவாருன்னு என் வண்டியில ஏறுன மொத நாளே எனக்குப் பாடம் எடுத்தா ஒங்க பொண்ணு. நாலு வருஷமும் என் வூட்ல எங்கப்பா சொல்லுவாரு, எங்கப்பா சொல்லுவாரு. காது புளிச்சுப்போச்சு. இவள நீங்களே வச்சிக்குங்க மச்சான். எங்க, அந்த ஸ்பேனரக் குடுங்க."