மேப்பிள் மரத்தடியில் தோண்டினேன்

இல்-பிசார் தீவில் ஒரு பழைய பண்ணை. அங்கே மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவியோடு நடக்க, உரிமையாளரான வயதான பிரெஞ்சுக்காரப் பெண்ணிடம் மூன்று மாதம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். "மேப்பிள் மரத்தடியில மட்டும் தோண்டாதேங்கோ" என்று பிரெஞ்சில் சொன்னார். ஓமெண்டு தலையாட்டினேன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவர் கடைக்குப் போனதும் அங்கேதான் போனேன். கருவி விடாமல் கத்தியது. தோண்டினால், துருப்பிடித்த பிஸ்கட் பெட்டி. திறந்தேன். உக்கிய துணிக்குள் சின்னஞ்சிறு எலும்புகள்.

திரும்பினேன். அவர் நின்றார்.

"என்ர தங்கச்சி. ஞானஸ்நானத்துக்கு முதல் செத்திட்டாள். மயானத்தில இடம் குடுக்கேல்லை. அம்மாதான் இதில தாட்டவ."

வெறுங்கையால் மண்ணை இழுத்து மூடினேன். அவர் திட்டவில்லை.

"ஏனெண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே."

மூன்று மாதமாக அவரிடம் எவ்வளவோ கேட்டிருந்தேன். அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.