மூன்று லட்சம் மைல் ஓடிய பிக்கப்

கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை உருவி, காகிதத்தில் துடைத்து, மூக்கருகே கொண்டுபோனாள் மார்லிஸ். தீய்ந்த வாடை இல்லை. ஆனால் சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. "நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லாத. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று வண்டியைக் கடிந்துகொண்டாள்.

வடக்கு டகோட்டாவில் பள்ளிக்கூடச் சமையற்காரி அவள். அவளுடைய பிக்கப் வண்டி மூன்று லட்சம் மைல் ஓடியது. யாரோ ஓட்டி அலுத்து விற்றது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறாளோ இல்லையோ, வண்டிக்கு அடியில் படுக்காமல் இருக்கமாட்டாள். மூட்டு மூட்டாக கிரீஸ் அடிப்பாள். பழசு பிதுங்கி வெளியே வந்தால்தான் அவளுக்கு நிம்மதி. பனிக்காலத்தில் ராத்திரி முழுக்க எஞ்சினை மின்சாரத்தில் சூடாக வைப்பது ஊர் வழக்கம். அந்த ஒயரைக் கழற்ற மறந்து, கடைத்தெரு வரை தரையில் இழுத்துக்கொண்டு போனதுண்டு. "நாய்க்குட்டிய நடக்கக் கூட்டிட்டு வந்தேன்" என்று சமாளித்தாள்.

இந்த முறை விளையாட்டில்லை. மகள் பிரீனாவுக்கு இந்த மாதம் பிரசவம். ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரப் பயணம். வீட்டில் இருப்பது இந்த ஒரு வண்டிதான்.

பக்கத்துப் பண்ணை ஆர்லோ கொட்டகை வாசலில் வந்து நின்றான். "மாத்தாத மார்லிஸ். பழைய எண்ணெய்ல இருக்கற கசடுதான் கியரப் புடிச்சு வச்சிருக்கு. புதுசு ஊத்துனா வழுக்கிடும், சொல்லிட்டேன்."

"மாத்தாம விட்டு, நடுரோட்டுப் பனியில நின்னுட்டா? நீயா வந்து பிரசவம் பாப்ப?"

"மாட்டுக்குன்னா பாத்திருக்கேன்."

சிரித்தாள். ஆனால் அவன் சொன்னதும் பொய்யில்லை. புது எண்ணெய் ஊற்றியதும் படுத்துக்கொண்ட வண்டிகள் ஊரில் உண்டு. அதனால் பழசு முழுக்கப் போகும்படி பீய்ச்சிக் கழுவவில்லை. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, தானாக வடிந்ததை மட்டும் வடியவிட்டாள். வடிகட்டியை மாற்றி, வடிந்த அளவுக்கே புதுசு ஊற்றினாள். பழசும் புதுசும் மெல்லப் பழகட்டும் என்பது அவள் கணக்கு.

ரிவர்ஸ் போட்டாள். வண்டி அசையவில்லை. சாவு வீட்டில் நிற்பதுபோல் ஆர்லோ தொப்பியைக் கழற்றினான்.

"செத்தா சொல்றேன், போட்டுக்கோ!" என்று கத்தினாள். அதற்குள் வண்டி ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னால் நகர்ந்தது. சரளைச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தாள். ஒரு கியரும் வழுக்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வீட்டுக்குள்ளிருந்து, பிறக்கப்போகும் குழந்தையை வண்டியில் உட்காரவைக்கும் இருக்கையைக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தாள். அதன்மேல் முழங்காலை ஊன்றிப் பட்டையை இறுக்கிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள்.