ஆமைக்கு வெயில் வைத்த மாமா

ஆமை வாழும் தண்ணீருக்கென்று ஒரு மணம் இருக்கிறது. பாசியும் ஈரக்கல்லும், ஊறிப்போன இறால் தீனியும், மேலே எரியும் பல்பின் சூட்டில் காயும் தூசியும் சேர்ந்து உண்டாகும் மணம் அது. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த கீழ் போர்ஷனுக்குள் வருகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள், பிறகு கூடத்து மூலையில் இருக்கும் தொட்டியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது.

ஆமை எங்களிடம் வந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். பெங்களூருக்கு மாற்றலாகிப் போன அப்பாவின் நண்பர் ஒருவர், வளர்க்க முடியவில்லை என்று கொடுத்துவிட்டுப் போனார். பிஸ்கட் அளவு பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. அதற்கென்று கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிண்ணம்தான் வீடு. நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம். மாடியில் இருந்த வீட்டுக்கார மாமி, துணி காயப்போட இறங்கி வந்தவர், அதைப் பார்த்ததும் ஒரு படி பின்வாங்கினார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவா, கேட்டதில்லையா? ஆத்துல வெச்சுக்காதேடீ" என்றார். அம்மா சிரித்து மழுப்பினாள். அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு துக்கம் குடியிருந்தது. புதிதாக ஆமை வந்து எதைக் கொண்டுவரப் போகிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அந்தத் துக்கம் என் சேகர் மாமா. அம்மாவின் தம்பி. வடபழனிப் பக்கம் சினிமாவில் "லைட்மேன்" வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஒரு படப்பிடிப்பில், செட்டுக்கு மேலே கட்டியிருந்த சாரத்தில் அவரோடு நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த தாஸ் என்ற நண்பர், கால் இடறிக் கீழே விழுந்து அங்கேயே இறந்துபோனார். கை நீட்டினால் பிடித்திருக்கலாம் என்ற தூரத்தில்தான் மாமா இருந்தாராம். அதன்பிறகு அவர் சாரம் ஏறவில்லை. அறையைக் காலி செய்துகொண்டு ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், உள்ளறையில் பாயை விரித்தார். ஜன்னலைத் திறக்கவிடமாட்டார். விளக்குப் போட்டால் எழுந்து அணைத்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் "சரி", இன்னும் கொஞ்சம் போடவா என்றால் "வேணாம்". அவ்வளவுதான் பேச்சு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம், இருட்டில் இரண்டு கண்கள் திறந்திருப்பது தெரியும். ஓடிப்போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொள்வேன்.

ஆமைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. தீனியைத் தொடவில்லை. ஓட்டை விரலால் தொட்டால் ஊறிய அப்பளம்போல் அமுங்கியது. நான் அழுத அழுகையில், வேப்பேரிக்கு ஆட்டோ வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக அம்மா கிளம்பினாள். யாரும் கூப்பிடாமலே மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பல மாதங்கள் கழித்து அவர் வாசலைத் தாண்டியது அன்றுதான். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் தண்ணீர் தளும்பாமல் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். ஏதோ ஒரு சிக்னலில் குனிந்து, "இன்னா நைனா, கண்ணத் தொறக்க மாட்டியா?" என்று அதனிடம் கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே திரும்பிவிட்டாள்.

மருத்துவர் மாமாவை என் அப்பா என்று நினைத்து அவரிடமே பேசினார். "இது பொம்மைக் கிண்ணம் சார். இதுல ஆமை பொழைக்காது. நீந்துற ஆழத்துக்குத் தண்ணி வேணும், ஏறி உடம்பைக் காய வைக்கக் காஞ்ச எடம் வேணும். முக்கியமா வெயில். ஜன்னல் கண்ணாடி வழியா வர்றது பத்தாது, நேரா மேல படணும். இருட்டுல வெச்சிருந்தீங்கன்னா ஓடு இப்பிடித்தான் கரையும்." கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மாமா அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் விரிசலோடு கிடந்த மீன்தொட்டியை மாமா கேட்டு வாங்கிவந்தார். விரிசலுக்குப் பசை அடைத்து, செய்தித்தாள்மேல் வைத்து நீர் நிரப்பி, தாள் நனைகிறதா என்று பார்த்தார். முதல் தடவை நனைந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி அடைத்தார். மெட்ரோ குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருக்கும் என்று வாளிகளில் பிடித்து, முற்றத்தில் ஒரு நாள் திறந்து வைத்தார். ஆமை விழுங்கிவிடும் என்று சின்னக் கூழாங்கற்களை நானும் அவருமாகப் பொறுக்கி எறிந்தோம். தட்டைக்கல்லை ஒரு பக்கம் மேடாக அடுக்கி, ஆமை ஏற, சொரசொரப்பான பக்கம் மேலே தெரிய ஒரு கூரை ஓட்டுத்துண்டைச் சாய்த்து வைத்தோம். காலை வெயிலுக்கு அதைத் தனியாக ஒரு டப்பில் முற்றத்தில் வைப்பது, காக்கை கொத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாமாவின் பொறுப்பு. அப்படியாக அவரும் தினமும் வெயிலில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய் "கடல் நுரை" பொறுக்கி வருவோம். வெள்ளையாக, லேசாக, மணலில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடு அது. ஆமை கொறித்தால் ஓடு இறுகும் என்றார்கள்.

கடைசியாக விளக்கு. மாமா அந்தத் தகரப் பெட்டியை எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு முதன்முறையாகத் திறந்தார். கையுறை, ஒயர்ச் சுருள், இடுக்கிகள். ஒரு சின்ன விளக்கை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் மாட்டி, கல்மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, சூடு பார்த்துப் பார்த்து உயரத்தை மாற்றினார். ஸ்விட்சில் விரலை வைத்ததும், பழக்கம்தான், "லைட் வருது, கண்ணப் பாத்துக்கோ!" என்று குரல் கொடுத்தார். அந்தக் கம்பீரமான குரலை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. மஞ்சள் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து கூடம் முழுவதும் ஆடியது. அம்மா கரண்டியோடு ஓடிவந்து சமையலறை வாசற்படியில் நின்றாள்.

சில வாரங்களில் ஆமை கண் திறந்தது. ஓடு கெட்டிப்பட்டது. மாமா உள்ளறை ஜன்னலைத் திறந்து வைத்தார், இரண்டாம் முறை சோறு கேட்டார், வீட்டுக்கார மாமியிடம் "நம்ம நைனாவப் பாருங்க மாமி, இன்னா ஜம்முனு கீது" என்று வம்பிழுத்தார். வேலைக்குப் போகிறேன் என்று அவராகவேதான் சொன்னார். நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அம்மா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மூடாக்கான காலை. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "வெயில் வராது போலகீது பாப்பா. பகல்ல லைட்டப் போட்டு வுடு" என்றார். தெருமுனையில் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

அவர் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் கண்ணன் என்ற அவருடைய சிநேகிதர் வீட்டுக்கு வந்து, உட்காராமலே சொன்னார்: "ஸ்டுடியோ கேட்டு வரைக்கும் வந்தான்க்கா. டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சான். உள்ள செட்டு போட்டுக்கினு இருந்தாங்க, சாரத்த ஒரு தபா அண்ணாந்து பாத்தான். வாடா போலாம்னு திரும்பறேன், ஆளக் காணோம்." அப்பா போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அலைந்தார். பிணவறைகளுக்கும் போனார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. மாமாவின் செல்போன் முதலில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. பிறகு அப்படியொரு எண்ணே இல்லை என்றது. அம்மா அதன்பிறகும் சில காலம் அழைத்துக்கொண்டிருந்தாள்.

மாடி மாமி எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. ஒருநாள் அப்பா ஆமையை ஒரு பையில் போட்டு, கோயில் குளத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அம்மா வாசலை மறித்து நின்றாள். "அவன் வந்து எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். அப்பா பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். மூடாக்கோ வெயிலோ, பகல் முழுவதும் விளக்கு எரிந்தது.

ஆமையால் வந்த கேடு என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஆனால் இன்னொரு எண்ணம் இருக்கிறது, அதை அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. அந்த இருட்டறையிலேயே மாமா கிடந்திருந்தால், இன்றும் எங்களோடு இருந்திருப்பாரோ? அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கையசைத்து அனுப்பி வைத்தது நாங்கள்தானே?

நைனா என்றே பெயர் நிலைத்துவிட்ட ஆமை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. நாங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். பால்கனியில் நேர் வெயில் விழுகிற இடமெல்லாம் அதனுடையது. மந்தைவெளி வீட்டை இடித்துவிட்டார்கள். இடிக்கிறபோது அம்மா அங்கிருந்த வயதான வாட்ச்மேனிடம், யாராவது தேடிவந்தால் கொடுக்கச் சொல்லி எங்கள் புது விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். கட்டடம் எழும்பிய காலமெல்லாம் காய்கறி வாங்கப் போகிற சாக்கில் போய் விசாரிப்பாள். அந்தப் பெரியவர் இவள் தெருவில் வரும்போதே கையை விரித்து, "யாரும் வர்ல தாயீ" என்று சொல்லிவிடுவார். அவளும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள்.

போன மாதம் நானும் உடன் போயிருந்தேன். எங்கள் முற்றம் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. அந்தப் பெரியவர் இல்லை. புதுச் சீருடையில் ஓர் இளைஞன் நாற்காலியிலிருந்து எழுந்து, "யாரப் பாக்கணும்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, பல வருஷங்களாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயரைச் சொன்னாள்.

"சேகர்."

அவன் கையிலிருந்த பதிவேட்டில் விரலை ஓட்டிப் பார்த்தான். "அப்பிடி யாரும் இங்க இல்லையேம்மா" என்றான்.