இடி மறுபடி விழாது என்று எழுதியவர்

உத்தமபாளையத்தில் அப்போது ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ஏலக்காய், பருத்தி விலைக்காகத்தான் அதை வாங்குவார்கள். அதற்கு அச்சுக் கோத்தவர் பொன்னுராஜ். பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் மிஞ்சினால் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு துணுக்கு போட்டு நிரப்புவதும் அவர் வேலை. நத்தை மூன்று வருஷம் தூங்கும், தீக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரிது என்று பழைய புத்தகங்களிலிருந்து எடுத்துப் போட்டார். புத்தகங்கள் தீர்ந்தபோது தானாகவே எழுத ஆரம்பித்தார். எதில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடைகளில் அதைத்தான் முதலில் வாசித்தார்கள். அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

1974 புரட்டாசியில் ஒரு வாரம், 'ஒருமுறை இடி விழுந்த மரத்தில் நூறு ஆண்டுக்கு மறுபடி இடி விழாது' என்று கோத்தார்.

ஐப்பசியில் அனுமந்தன்பட்டி வயலில் களையெடுத்த இரண்டு பெண்கள், முன்பு இடி விழுந்து பாதி கருகிய புளியமரத்தடியில் மழைக்கு ஒதுங்கினார்கள். அதே மரத்தில் இடி விழுந்தது. சுருளியம்மாள் அங்கேயே இறந்துபோனாள். அவள் அண்ணன் மனைவி பூமாரி கை வெந்து பிழைத்தாள்.

அந்தச் செய்தியையும் பொன்னுராஜ்தான் கோத்தார். 'ஏற்கெனவே கருகிய' என்ற இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. அவர்கள் பத்திரிகை படித்திருக்க மாட்டார்கள் என்று ஒரு மாதம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல் அனுமந்தன்பட்டிக்கு பஸ் ஏறினார்.

எந்தப் பத்திரிகை என்று சொன்னதுமே பூமாரி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரருதான் அத வாசிச்சுக் காட்டினாக. அவ வரப்புலயேதான் நின்னா. இங்கன வா ஆத்தா, இந்த மரத்துல விழாதுன்னு நான்தான் கூப்பிட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

"அத எழுதினது நான்தாம்மா. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. எடத்த ரொப்புறதுக்கு நானா எழுதினேன்."

"இல்லாததையா அச்சுல போட்டீக?"

"ஆமா."

அவள் வாசலைக் காட்டினாள். "போயிருங்க" என்றாள். அவர் எழுந்ததும், "இல்ல, இருங்க. அவுககிட்ட இத நீங்களே சொல்லணும். ஒரு மாசமா எங்கிட்டப் பேசல" என்றாள்.

சாயங்காலம் பூமாரியின் கணவர் சுயம்புலிங்கம் வயலிலிருந்து வந்தார். பொன்னுராஜ் எல்லாவற்றையும் சொன்னார். சுயம்புலிங்கம் ஓங்கி ஓர் அறை விட்டார். பொன்னுராஜின் மூக்குக்கண்ணாடி தெறித்து உடைந்தது. பிறகு மனைவி பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

மறுப்புப் போடலாம் என்று பொன்னுராஜ் சொன்னபோது பத்திரிகை முதலாளி சிரித்தார். "துணுக்குக்கு எவன்யா மறுப்புப் போடுவான்?" அந்த வாரமே பொன்னுராஜ் கேட்காமல் கோத்தார்: 'ஒருமுறை இடி விழுந்த மரத்திலும் மறுபடி இடி விழும் என்பதே உண்மை. முன்பு வெளியானது பொய்.' வேலை போயிற்று.

அதன்பின் தேனியில் ஒரு பஞ்சு மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். யாராவது ஓர் அதிசயத் தகவல் சொன்னால், "எதுல படிச்ச? யாரு பாத்தா?" என்று விடாமல் கேட்பார். கூட வேலை செய்தவர்கள் மெல்ல மெல்ல அவர் இருக்கும் இடத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.