வலப்பக்கம் விழும் பந்து

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். பாஸ்கெட்பாலைத் திருவொற்றியூர் மைதானத்துச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள்தான் வாத்தியார்கள். அதில் ஓர் ஆட்டோக்காரர் உண்டு. சவாரி இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் கிடப்பார். சென்டர் என்றால் யார் என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"கல்யாணப் பந்தியில சோத்து அண்டாவாண்ட ஒருத்தன் நிப்பான் பாரு, அவன்தான்கா சென்டர். அல்லாரும் அவனாண்ட வந்துதான் ஆவணும். இடி முழுக்க அவனுக்குத்தான்."

என் மகள் அந்த சென்டர். ரிங்குக்குக் கீழே நின்று, யார் போட்ட பந்து தவறி விழுந்தாலும் எட்டிப் பிடிக்க வேண்டும். ஒன்பதாவதிலேயே எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழைய ஆரம்பித்துவிட்டாள். கோச் சார் அவளைப் பார்த்துக் கத்துவதெல்லாம் ஒன்றுதான்: "லைட் கம்பம் மாதிரி நிக்காத. ஸ்டூல் மேல உக்கார்ற மாதிரி நில்லு." அப்படி முழங்காலை மடக்கி நிற்கப் பழகவே அவளுக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

பிளஸ் டூ வந்த வருஷம், எண்ணூர் பக்கம் நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு பெண் எங்கள் டீமில் சேர்ந்தாள். அவளும் பிளஸ் டூதான். என் மகளைவிட நாலு விரல் உயரம், தோளும் அகலம். சென்டர் இடமோ டீமுக்கு ஒன்று. முழு ஆட்டமும் ஆடிக்கொண்டிருந்த என் மகள் பாதி ஆடினாள், பிறகு அதிலும் பாதி. "சார் உன்னைய ஏன் உக்கார வெச்சாரு?" என்று கேட்டால் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவாள்.

நான் அதையே கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வருஷ டோர்னமெண்ட் ஃபைனலைப் பார்க்க ஒரு கல்லூரியிலிருந்து கோச் மேடம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணில் பட்டால் ஃபீஸ் இல்லாமல் படிப்பு, ஹாஸ்டல். என் வீட்டுக்காரர் ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். வேறு வழியில் மகளைக் கல்லூரிக்கு அனுப்ப எங்களுக்குத் திராணியில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் யார் கண்ணில் படுவாள்?

இதில் வேடிக்கை, பிராக்டீஸ் முடிந்ததும் என் மகளுக்கு நான் கொண்டுபோகும் அவித்த முட்டையில் அந்தப் பெண்ணுக்கும் பங்கு போய்க்கொண்டிருந்தது. எண்ணூர் பஸ்ஸுக்குப் பசியோடு நிற்கிற பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு எப்படித் தின்பது? ஆட்டோக்காரர் விடவில்லை. "இன்னாக்கா, உன் பொண்ணு சீட்ட புடுங்க வந்தவள நீயே முட்டை வெச்சி வளத்துகினு கீற?" சிரித்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஃபைனல் ஊருக்குள் இருந்த பெரிய உள்ளரங்கத்தில். ஆட்டோக்காரர்தான் எங்களை ஏற்றிப்போனார், பக்கத்திலேயே உட்கார்ந்தும் கொண்டார். கோச் சார் முதலில் என் மகளைத்தான் இறக்கினார். எனக்கு உயிர் வந்தது. எதிர் வரிசையில் அந்த மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் மகள் போட்ட முதல் பந்து ரிங்கின் வலது விளிம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவதும் அப்படியே. கோச் சார் கையைக் காட்டினார். அவள் வெளியே, நெட்டுக்குப்பத்துப் பெண் உள்ளே. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். மற்ற பிள்ளைகள் போட்டதும் உள்ளே போகவில்லை. எதிர் டீம் ஏறிக்கொண்டே போனது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இடைவேளையில் பார்த்தேன். என் மகள் அந்தப் பெண்ணின் தோளில் கைபோட்டு, ரிங்கின் வலப்பக்கத்தைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அந்தப் பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் பிள்ளைகளில் யார் தவறவிட்டாலும் பந்து விழுகிற இடத்தில் முன்னாலேயே போய் நின்றாள். பிடித்தாள், அங்கேயே திரும்பி ரிங்குக்குள் போட்டாள்.

"இன்னாக்கா இது, பந்து இவளுக்குச் சொல்லிட்டு வுழுதா?" என்றார் ஆட்டோக்காரர்.

சொன்னது பந்தில்லை, என் மகள். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணையே பார்க்க ஆரம்பித்தார். இவள் சீட்டை இவளே தட்டில் வைத்து நீட்டிவிட்டாளே என்று இருந்தது.

கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு நாலாவது ஃபவுல். அஞ்சு விழுந்தால் ஆட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்பதால் கோச் சார் அவளை உட்காரவைத்து என் மகளை இறக்கினார். அவளும் அதே வலப்பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்கிற மாதிரி முழங்காலை மடக்கி, எதிராளியை முதுகால் தள்ளிக்கொண்டு நின்றாள். தூரத்திலிருந்து ஒன்றும் போட்டுப் பார்க்கவில்லை. விழுந்ததைப் பிடித்தாள், ரிங்கை ஒட்டி நின்று போட்டாள். நான் பாட்டிலை எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை. ஆட்டம் முடியப்போகும்போது அந்தப் பெண்ணை மறுபடி இறக்கினார்கள், இவள் பெஞ்சுக்குப் போனாள். மயிரிழையில் ஜெயித்தார்கள்.

மேடம் இறங்கி வந்து இரண்டு பேரையும் கூப்பிட்டார். "சென்டருக்கு ஒரு இடம்தான் இருக்கு. திங்கக்கிழமை காலைல ரெண்டு பேரும் காலேஜுக்கு வாங்க."

திரும்பும்போது ஆட்டோவில் அந்தப் பெண் என் மகள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னாடி சொன்ன அவகிட்ட?"

"நம்ம கிரவுண்டுல தெக்குப் பக்கத்து ரிங் வளைஞ்சி கீதில்ல, வடக்கு ரிங்லதான போட்டுப் பழகறோம். கடல்காத்து வலது பக்கத்துலேர்ந்து தள்ளும். அதுக்குன்னு அல்லாரும் கொஞ்சம் வலது பக்கமா குறி வெப்போம். இங்க உள்ளாற காத்தே இல்ல. போட்டது அத்தனையும் வலது பக்கம்தான் அடிச்சி வுழுந்திச்சி. பழகின கை ஒடனே மாறாது. பெஞ்சுல குந்திகினு பாத்தப்பதான் புரிஞ்சிச்சி."

"அத உன்னோட வெச்சிக்கக் கூடாதா?"

"நல்லா கேட்டம்மா. நான் வெளியில குந்திகினு கீறேன். ஆட்டம் அங்கியே படுத்துட்டா அந்த மேடம் எழுந்து வூட்டுக்குப் போயிடும். அப்பால என்னைய எறக்கினா யாரு பாக்கறது?"

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை இருவரையும் ஒருவருக்கொருவர் எதிராக ஆடவிட்டார்கள். நான் கம்பி வலைக்கு வெளியே நின்றேன். உள்ளே முட்டிக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது. பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"சென்டர் இடம் அந்தப் பொண்ணுக்குத்தாம்மா. உங்க பொண்ணோட உயரத்துக்கு காலேஜ் அளவுல சென்டர் கஷ்டம். ஆனா ஆட்டத்தப் படிக்கிறா. கொஞ்சம் தள்ளி நின்னு ஆடற ஃபார்வர்டு இடத்துக்கு எடுத்துக்கறேன். முதல்லேர்ந்து பழகணும். முதல் வருஷம் முழுக்க பெஞ்சாவே இருக்கலாம். சம்மதமா?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"பெஞ்சுல குந்துற புள்ளைக்கும் ஃபீஸு கெடையாதுங்களா மேடம்? ஹாஸ்டல் சோறு உண்டுங்களா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"அப்படின்னா குந்தட்டும் மேடம்" என்றேன்.